கும்பகோணத்துக் குழாயடி

கும்பகோணம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மகாமகக் குளம் என்பீர்கள். கொழுந்து வெற்றிலை என்பீர்கள். டபராவில் நுரை ததும்பும் டிகிரி காப்பி என்பீர்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது என் மாமியார் வீட்டுக் கொல்லையில் வரிசையாக இருக்கும் மூன்று பித்தளைக் குழாய்கள்தான். சிரிக்காதீர்கள்! எனக்குக் கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷமாகிறது. அந்தக் குழாய்கள் ஒரு நாளாவது மங்கி நான் பார்த்ததில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் குத்துவிளக்கு தேய்க்க உட்காரும் அத்தை, விளக்கு முடிந்ததும் மிச்சப் புளியை எடுத்துக் கொண்டு நேரே கிணற்றடிக்குத்தான் போவார். "தண்ணி குடுக்கிறதும் சாமிதானே" என்பார்.

சென்ற வருஷம் கார்த்திகை தீபத்துக்கு ஊருக்குப் போனோம். சென்னையிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் விடிவதற்குள் கும்பகோணம் வந்து விடுகிறது. நல்ல மழை. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ பிடித்து, இன்னும் கண் விழிக்காத தெருக்கள் வழியே போவதே ஒரு சுகம்தான். வழியெல்லாம் கோவில் கோபுரங்கள் இருட்டில் நிழலாய்த் தெரியும். காப்பிக் கடையில் மட்டும் விளக்கு எரியும். ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் அரசலாறு, நடுவில் ஊர். இரண்டு ஆற்றுக்கும் நடுவில் இருக்கிற ஊருக்குத் தண்ணீர் சுவையாகத்தானே இருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். ஆற்றுத் தண்ணீர் சரிதான். பூமிக்குள்ளிருந்து மோட்டார் போட்டு எடுக்கிற தண்ணீர் வீட்டுக்கு வீடு வேறு மாதிரி இருக்கிறது.

பகலில் கடைத்தெருவுக்குப் போனால் எங்கள் ஊரின் இன்னொரு பெருமையைப் பார்க்கலாம். பாத்திரக் கடைகள்! கூரையிலிருந்து சரம் சரமாகத் தொங்கும் கரண்டிகள், வாசலில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய தவலைகள், அண்டாக்கள், குடங்கள், கூஜாக்கள், வெண்கலப் பானைகள், உருளிகள். எவர்சில்வர் வந்தும், பிளாஸ்டிக் வந்தும், இந்தத் தெருவில் பித்தளையின் மஞ்சள் நிறம் குறையவில்லை. பெண்ணுக்குச் சீர் வாங்க வெளியூரிலிருந்து வேன் வைத்துக் கொண்டு வருகிறார்கள். எனக்கு ஒன்றும் வாங்க வேண்டியதில்லை என்றாலும் ஒரு கடை விடாமல் எட்டிப் பார்த்து விட்டுத்தான் வருவேன். என்னவர் குடையோடு தெருமுனையிலேயே நின்று விடுவார். பழகி விட்டது அவருக்கு.

வீட்டுக்கு வருவோம். விடிந்ததும் பல் தேய்க்கக் கொல்லைப்புறம் போன நான் அப்படியே நின்று விட்டேன். அத்தையின் குழாய்கள் மூன்றும் கறுத்துக் கிடந்தன. திருகுகிற இடத்தில் பச்சைப் பசேலென்று களிம்பு. அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு மாதமாக மணிக்கட்டு வீக்கம். விளக்கை மட்டும் எப்படியோ தேய்த்து வைக்கிறார். குழாய்க்கு முடியவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. "எனக்கு முடியல. சின்னவளுக்கு நேரமில்ல" என்றார். சொன்ன குரலில் குறை இருந்தது.

சின்னவள் என்றால் என் ஓரகத்தி. கொழுந்தனாரின் மனைவி. இரண்டு வயதுப் பையனை வைத்துக் கொண்டு, மாமியாரையும் பார்த்துக் கொண்டு, காலையில் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷனும் எடுக்கிறாள். அவளுக்கும் ஒரு குழாய்க் கவலை இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் வீட்டுக்குள்ளேயே புதுக் குளியலறை கட்டி, பளபளவென்று குரோமியம் பூசிய குழாய்கள் போட்டார்கள். அதற்கு வருவது போர் தண்ணீர். ஆறே மாதத்தில் குழாயெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, ஷவரில் பாதித் துவாரம் அடைத்து விட்டது. "புதுசு வாங்கியும் துலக்கத் தெரியல" என்று யார் சொன்னார்களோ, இவள் மனதில் அது தைத்து விட்டது. சைக்கிளில் தெருத் தெருவாக வரும் ஆளிடம் ஆசிட் வாங்கி, குழாய் மேல் ஊற்றித் தேய்த்திருக்கிறாள். வெள்ளை போயிற்று. கூடவே பூச்சும் போய், குழாய் முழுக்கத் தேமல் வந்தது போல் ஆகிவிட்டது. அன்று முழுக்க இருமல் வேறு.

குழாய் போனால் போகிறது, வாங்கிக் கொள்ளலாம். எனக்குப் பகீரென்றது வேறு விஷயம். ஆசிட் இருந்தது பழைய குளிர்பான பாட்டிலில். குளியலறை மூலையில், தரையில். பையன் என் விரலைப் பிடித்துக் கொண்டு அங்கே அழைத்துப் போய், அதைக் காட்டி, "பெரீம்மா, ஜூஸ்!" என்றான்.

நான் ஒன்றும் சொல்லாமல் பாட்டிலை எடுத்துப் பரண் மேல் வைத்தேன். அவளைக் கூப்பிட்டு, "உம் புள்ள இதை ஜூஸுன்னு சொல்றாம்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் வெளுத்து விட்டது. அதற்கு மேல் நான் திட்ட என்ன இருக்கிறது?

இளம் தாய்மார்கள் இதைப் படிக்கிறீர்கள் என்பதால் நடுவில் சொல்லி விடுகிறேன். குழந்தை தப்பித் தவறி ஆசிட்டை வாயில் வைத்து விட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போகும்போது சுட்டது, வெளியே வரும்போது மறுபடியும் சுடும். வாயைக் கொப்பளிக்க வைத்து, துடைத்து விட்டு, பாட்டிலையும் கையில் எடுத்துக் கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மேலே பட்டால் உடுப்பைக் கழற்றி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கொண்டே இருங்கள். இன்னொன்று: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் போடவே கூடாது. அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு மூடிய குளியலறையில் மூச்சை அடைத்து விடும். எலுமிச்சம்பழமும் வினிகரும்கூடப் புளிப்புதானே; பிளீச்சிங் பவுடரோடு அவையும் சேரக் கூடாது.

மறுநாள் மழை விட்டிருந்தது. கார்த்திகைக்கு ஒரு சின்ன விளக்கு வாங்கலாம் என்று ஓரகத்தியையும் பையனையும் கூட்டிக் கொண்டு நாச்சியார்கோவிலுக்குக் கிளம்பினேன். கும்பகோணத்திலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர். அரசலாற்றுப் பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் சம்பா பயிர் பச்சை. பஸ் ஜன்னலோரம் பையன் சத்தமே போடவில்லை. வீட்டில் வாய் திறக்காத ஓரகத்தி பஸ்ஸில் மனம் விட்டுப் பேசினாள். "அத்தையோட குழாயை நான் தொடக் கூடாதுன்னு நெனச்சிருந்தேன்க்கா. அவங்க பண்ற மாதிரி வராது, அப்புறம் அதுக்கும் ஒரு சொல்லு." அங்கே அத்தை 'கேட்கக் கூடாது' என்று இருக்கிறார். இங்கே இவள் 'தொடக் கூடாது' என்று இருக்கிறாள். நடுவில் மூன்று குழாய்க்குக் களிம்பு!

முதலில் கோவில். பெருமாள் சீனிவாசர், தாயார் வஞ்சுளவல்லி. இந்த ஊரில் தாயாருக்கே முதலிடம். ஊர்ப் பெயரே அவளால்தான் நாச்சியார்கோவில். இங்குள்ள கல் கருடன் பிரசித்தம். மார்கழியிலும் பங்குனியிலும் கருட சேவைக்குப் புறப்படும்போது நாலு பேர் தூக்கும் கருடனை, வாசல் வாசலாக வர வர எட்டுப் பேர், பதினாறு பேர் என்று இரட்டித்துத் தூக்க வேண்டியிருக்கும் என்பார்கள்.

பிறகு விளக்குப் பட்டறை. நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காவிரிக் கரை வண்டல் மண்ணில் அச்சு எடுத்து, உருக்கின பித்தளையை அதில் ஊற்றி, ஆறியதும் கடைசலில் வைத்துக் கடைகிறார்கள். பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, திருகி மாட்டுகிறார்கள். கடைசல் மெஷினிலிருந்து பித்தளை சுருள் சுருளாக விழுவதைப் பார்க்கப் பையனுக்கு அலுக்கவே இல்லை. ஒரு மூலையில் உருக்குவதற்கு வைத்திருந்த பழைய பித்தளைக் குவியல். உடைந்த சொம்பு, நசுங்கின குடம், நடுவே பத்துப் பதினைந்து பழைய குழாய்கள்! எந்தெந்த வீட்டுக் கிணற்றடியில் இருந்தவையோ.

கடைசலில் இருந்த பெரியவரிடம், வீட்டுக் குழாய் களிம்பேறி விட்டது, எப்படித் துலக்குவது என்று கேட்டேன். அவர் சிரித்துக் கொண்டே, "விளக்குக்கு என்னவோ அதுதாம்மா குழாய்க்கும். புளிதான். ஆனா புளியை அப்பிட்டுத் தூங்கப் போயிடாதீங்க. அஞ்சு நிமிஷம் போதும். ரொம்ப ஊறுனா செவந்து போயிடும்" என்றார். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளிப்பு ரொம்ப நேரம் பட்டால் மேலே செம்பு நிறம் தட்டிவிடும். வீட்டில் சில பேருடைய விளக்கு மஞ்சளாக இல்லாமல் ரோஸ் நிறமாக இருக்கிறதே, அது இதனால்தான். இன்னொரு விஷயமும் சொன்னார். புளி போட்டுக் கழுவின ஈரத்தோடு விட்டால் மறுநாளே கறுக்குமாம். "துடைக்கிறதுலதாம்மா இருக்கு பாதி வேலை."

அன்று சாயங்காலம் கிணற்றடியில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். அத்தை முக்காலியில் அமர்ந்து வாயால் வேலை செய்தார், நாங்கள் கையால். எலுமிச்சை அளவு பழம்புளியை வெந்நீரில் ஊற வைத்து, கல் உப்பு ஒரு சிட்டிகை போட்டுக் கெட்டியாகக் கரைத்துக் கொண்டோம். கொட்டை, ஓடு இல்லாமல் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கீறல் விழும். அதைக் குழாய் முழுக்கத் தடவி, பையனுக்கு ஒரு பாட்டுப் பாடுகிற நேரம் விட்டு, பழைய வேட்டித் துணியால் தேய்த்தோம். திருகாணி இடுக்குக்குப் பழைய பல் பிரஷ். கறுப்பு கரைந்து ஓடுவதைப் பார்ப்பதில் ஒரு தனி ஆனந்தம் இருக்கிறது, இல்லையா? களிம்பு கெட்டியாக இருந்த இடத்தில் இரண்டாம் தடவை போட வேண்டியிருந்தது. பிறகு நல்ல தண்ணீர், பிறகு சோப்புத் தண்ணீர், மறுபடி நல்ல தண்ணீர். புளிப்பு ஒட்டிக் கொண்டிருக்கக் கூடாது. ஈரம் போகத் துடைத்ததும் அத்தை மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். விபூதி! உலர்ந்த துணியில் விபூதியைத் தொட்டுத் தேய்த்தாரே பார்க்க வேண்டும், மணிக்கட்டு வலியெல்லாம் எங்கே போயிற்றோ. குழாய் தங்கமாயிற்று.

மூன்றாவது குழாய் மட்டும் துலக்கியும் சொட்டிக் கொண்டிருந்தது. கொழுந்தனார் வாஷரை மாற்றினார். சில ரூபாய் வேலை. அதற்காக வருஷக் கணக்கில் வாளி வைத்துக் கொண்டிருந்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. கடையில் பித்தளை நிறத்தில் வாங்கும் குழாய்கள் சிலவற்றின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு வார்னிஷ் பூசியிருப்பார்கள். அதற்குப் புளி வேண்டாம். சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். இப்போது வருகிற கறுப்பு, தங்க நிறக் குழாய்களுக்கும் அப்படித்தான்.

மறுநாள் காலை குளியலறை. இது வேறு நோய், வேறு மருந்து. இங்கே படிந்திருப்பது களிம்பு அல்ல, சுண்ணாம்பு. கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும், சொட்டுக் காய்ந்ததும் கல்லாக உட்கார்ந்து விடுகின்றன. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம் என்று வைத்திருக்கிறார்கள். சென்னையில் எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் துவரம் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஆகையால் இந்த வெள்ளைக் கறையோடு எனக்குப் பழக்கம் அதிகம்.

குரோமியக் குழாய் உள்ளே பித்தளைதான். மேலே நிக்கலும் அதற்கு மேல் தலைமுடியை விட மெல்லிசான குரோமியப் பூச்சும். அதனால் சாம்பல், செங்கல் பொடி, கம்பி நார், கல் உப்பு ஒன்றும் இதன் பக்கத்தில் வரக் கூடாது. இரண்டு எலுமிச்சம் பழத்தைப் பிழிந்து, அதே அளவு தண்ணீர் கலந்து, துணியை நனைத்துக் குழாயைச் சுற்றி வைத்தேன். வினிகர் இருந்தாலும் இப்படித்தான், பாதிக்குப் பாதி தண்ணீர். பத்து நிமிஷம், மிஞ்சினால் கால் மணி. எடுத்துத் துடைத்தால் வெள்ளை மாவாக வந்து விடுகிறது. வராத இடத்தை நகத்தாலோ கத்தியாலோ சுரண்டாமல் இன்னொரு முறை வைக்க வேண்டும். குழாய் வாயில் சல்லடை மாதிரி ஒன்று திருகியிருக்கும். அதைக் கழற்றி, ஒரு கிண்ணத்தில் எலுமிச்சைச் சாறும் வெந்நீருமாக ஊற வைத்துப் பிரஷ் போட்டால் தண்ணீர் மறுபடி சீராக விழும். கழற்ற வராத ஷவருக்கு, சின்ன பிளாஸ்டிக் பையில் அந்தத் தண்ணீரை ஊற்றி, ஷவர் முகம் முங்கும்படி ரப்பர் பேண்டால் கட்டி விட்டேன். அரை மணியில் அவிழ்த்ததும் தாராளமாகக் கொட்டியது.

ஊறுகாய்க்குப் பிழிந்த எலுமிச்சை மூடிகளைத் தூக்கிப் போடாதீர்கள், இதற்கு அவையே போதும். ஆனால் சமையலறைக் குழாயில் செய்யும்போது மேடையைப் பாருங்கள். கடப்பைக் கல் சுண்ணாம்பு வகை. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விழுந்து நின்றாலும் வெள்ளைத் தழும்பு விழுந்து விடும். மார்பிளுக்கும் மொசைக்குக்கும் இதே கதிதான். ஈரத் துணியை மடித்துக் கீழே விரித்துக் கொண்டு செய்யுங்கள்.

ஆப்ப சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்தால் பொங்குகிறதே, அது நல்ல பலம் என்று ஓரகத்தி நம்பிக் கொண்டிருந்தாள். பொங்குவது பார்க்க அழகுதான். ஆனால் ஒன்றையொன்று முறித்துக் கொண்டு, கடைசியில் கையில் இருப்பது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். சுண்ணாம்புக் கறைக்குப் புளிப்பு தனியாக, எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா மாவு தனியாக, அதுவும் ஈரத் துணியில் லேசாகத் தொட்டு.

எல்லாம் செய்தும் ஆசிட் தின்ற தேமல் போகவில்லை. போகவும் போகாது. பூச்சே போன பிறகு எதைத் துலக்குவது? ஓரகத்தி கொஞ்சம் வருத்தப்பட்டாள். "அடுத்த தடவை மாத்தறப்ப பித்தளையே போட்டுடலாமாக்கா?" என்றாள். அத்தை காதில் விழுந்து, "போடு, நான் தேய்க்கிறேன்" என்றார். "நீங்க உக்காந்து சொல்லுங்க, நான் தேய்க்கிறேன்" என்றாள் இவள். நான் அடுப்பில் பால் பொங்குவது போல் உள்ளே போய் விட்டேன்.

பித்தளையோ குரோமியமோ, கடைசியில் நான் கண்டது துடைப்பதுதான். ராத்திரி வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் குழாயை ஒரு துடை துடைத்து விட்டால், சொட்டு நின்று காய வழியில்லை, கறை படிய வழியில்லை. கை வைக்காத பித்தளைக் குழாய்க்கு மழைக்காலத்தில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் பூசித் துடைக்கலாம். இன்னொரு சின்ன வழக்கமும் வேண்டும். இரவெல்லாம் குழாய்க்குள் நின்ற தண்ணீரைக் காலையில் குடிக்கவோ குழந்தைக்குப் பால் கலக்கவோ பிடிக்காதீர்கள். பித்தளையில் சிறிது ஈயமும் கலந்திருப்பது உண்டு, நின்ற தண்ணீரில் அது இறங்கும். முதல் சொம்பைத் துளசிக்கு ஊற்றி விட்டுப் பிறகு பிடியுங்கள்.

ஆசிட் பாட்டிலைக் கொழுந்தனார் தைரியமாக ஒழித்தார். முகத்தில் துணி கட்டி, கொல்லையில் பெரிய வாளி நிறையத் தண்ணீர் வைத்து, அதில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பிறகு இன்னும் தண்ணீர் விட்டுச் சாக்கடையில் கரைத்து விட்டார். ஆசிட் மேல் தண்ணீர் ஊற்றினால் தெறிக்கும். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. பையனை அதுவரை நான் வாசலில் வைத்துக் கொண்டிருந்தேன்.

கார்த்திகையன்று அகல் விளக்குகளோடு கிணற்றடியிலும் இரண்டு வைத்தார் அத்தை. ஊருக்குக் கிளம்பும் அன்று, மந்தார இலையில் சுற்றிய ஒரு பெரிய புளி உருண்டையை என் பையில் திணித்தார்.

"அத்தை, எங்க வீட்டுல இருக்கிறது குரோமியக் குழாய். அதுக்குப் புளி ஆகாது" என்றேன்.

"ஆகாட்டிப் போவுது. பழம்புளி அம்மாடி, ரசத்துக்கு வெச்சுக்கோ."